'ஸ்டேட்' என்னும் ஒரு சொல்

ஹைதராபாத்தில் குடியேறி வாழும் தமிழர்கள் விண்ணப்பத் தாள்களை நிரப்பும்போது, ஓரிடத்தில் எழுதுகோலைச் சற்றே நிறுத்துவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். 'ஸ்டேட்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட கட்டம் அது. பிறந்த மாநிலத்தைக் கேட்கிறார்களா, இப்போது வாழும் மாநிலத்தைக் கேட்கிறார்களா என்பதே நம்மவர் தயக்கம். இந்நகரத்து முதியவர்களுக்கோ தயக்கம் வேறு வகையினது. 1940-ஆம் ஆண்டில் காச்சிகுடாவில் பிறந்து, அதே வீட்டில் வாழ்ந்துவரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் நிஜாம் மன்னரின் ஸ்டேட்டில் பிறந்தார். பத்தாவது வயதில் இந்தியக் குடியரசின் ஸ்டேட் ஒன்றில் வசிப்பவரானார். பதினாறாவது வயதில் ஆந்திரப் பிரதேசம் என்னும் ஸ்டேட்டுக்கு உரியவரானார். 2014-இல் தெலங்கானா என்னும் ஸ்டேட்டினரானார். வீட்டு வாசற்படியை விட்டு அவர் பெயர்ந்ததில்லை. ஆங்கிலச் சொல்லும் பெயரவில்லை. ஆயினும் அச்சொல் ஒவ்வொரு முறையும் ஒரே பொருளைத் தந்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இச்சொல் ஒரு பழைய பகைவன். இலத்தீன் மொழியில் 'ஸ்டாட்டுஸ்' என்றால் நிற்றல், நிலை என்று பொருள். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் இதனைப் பெற்றது. உடல்நிலை, மனநிலை, நீரின் திடநிலை, ஆவிநிலை எல்லாம் ஸ்டேட்தான். மன்னருக்குரிய ஆடம்பரமும் ஸ்டேட்தான். அரசு விருந்து என்றும், தலைவரின் உடலைப் பொதுமக்கள் காண வைத்தல் என்றும் நாம் சொல்லும் இடங்களில் ஆங்கிலேயர் வழங்குவது அச்சொல்லையே. வாய்திறந்து ஒன்றை எடுத்துரைத்தலும் ஸ்டேட். அதனால்தான் வாக்குமூலத்துக்கு 'ஸ்டேட்மெண்ட்' என்று பெயர். ஓர் அரசனின் நிலை என்பது அவன் கையிலுள்ள ஆட்சியாகவும், பிறகு அரசன் மாறினாலும் மாறாது நிற்கும் அரசாகவும் ஆகியது ஐரோப்பாவில் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில். இத்தாலியரான மாக்கியவெல்லியின் 'இளவரசன்' என்னும் நூலில் அப்பொருள் வேர்கொள்வதைக் காணலாம். அந்நூல் அச்சேறிய ஆண்டு 1532.

வடமொழியின் 'ஸ்தா' என்னும் வேரும் இலத்தீன் சொல்லின் வேரும் ஒரே குடும்பத்தவை. ஆகவே ஸ்தானம், ஸ்திதி, சமஸ்தானம் ஆகியவை ஸ்டேட்டுக்கு உறவுமுறைச் சொற்கள். ஹிந்துஸ்தானம் என்பதிலுள்ள பாரசீக 'ஸ்தான்' என்பதும் அக்குடும்பமே. தமிழோ வேறு குடும்பத்து மொழி. எனினும் நில் என்பதிலிருந்து நிலை, நிலையம் என்று நாமும் அதே வழியிற் சென்றிருக்கிறோம். நிலம் என்பதையும் அவ்வேரோடு சேர்த்துக் காட்டும் அறிஞர் உண்டு. வானொலி நிலையம் என்று நாம் சொல்வதும் ஆங்கிலேயர் 'ஸ்டேஷன்' என்பதும் நிற்றலையே அடியாகக் கொண்டவை.

இவ்வளவும் அகராதிச் செய்தி. அலுவலகத்தில் சங்கடம் வேறு வடிவில் வரும். ஒரு முறை நம் மேசைக்குத் திருத்தத்துக்கு வந்த ஒரு விழா அழைப்பிதழில், மத்திய அமைச்சர் ஒருவர் 'மாநில அமைச்சர்' ஆகியிருந்தார். ஆங்கிலத்தில் 'மினிஸ்டர் ஆஃப் ஸ்டேட்' என்று இருந்ததே காரணம். தமிழ்ப் பத்திரிகைகள் முன்னாளில் அப்பதவியை ராஜாங்க மந்திரி என்று எழுதின. இந்நாளில் இணை அமைச்சர் என்கிறோம். எந்த மாநிலத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பிரிட்டனில் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்றால் மூத்த அமைச்சர். அமெரிக்காவில் அதே பெயர் வெளியுறவு அமைச்சரைக் குறிக்கும். அழைப்பிதழ் அச்சேறுவதற்குள் பிழை அகப்பட்டது. ஆதலால் அன்று ஒருவருக்கும் தீங்கில்லை. ஆனால் இதே சொல்லின் பொருளைத் துணிவதில் இந்த ஹைதராபாத் நகரம் அடைந்த அல்லல், அழைப்பிதழோடு நிற்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் மன்னர்களின் கீழிருந்த பகுதிகளை முதலில் 'நேட்டிவ் ஸ்டேட்' என்றும், பிற்காலத்தில் 'இந்தியன் ஸ்டேட்' என்றும் வழங்கினர். அவை 560-க்கு மேற்பட்டவை. கத்தியவாரில் சில சதுர மைல் பரப்புள்ள சிற்றூர்த் தலைவனின் உடைமையும் ஸ்டேட். நம் புதுக்கோட்டையும் ஸ்டேட். ஏறத்தாழ 82,000 சதுர மைல் பரப்பும், 1941-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஒரு கோடியே அறுபத்து மூன்று இலட்சம் மக்களும் கொண்ட ஹைதராபாத்தும் ஸ்டேட். தமிழில் இவை அனைத்தையும் சமஸ்தானம் என்றே எழுதிவந்தோம். புதுக்கோட்டைக்கு அது பொருந்தியது. தெலங்கானா மக்கள் காதில் அது விபரீதமாக ஒலித்திருக்கும். ஏனெனில் நிஜாமுக்குக் கப்பம் கட்டி வாழ்ந்த கத்வால், வனபர்த்தி முதலிய சிற்றரசுகளுக்கே அங்கே 'சம்ஸ்தானம்' என்று பெயர். நிஜாமின் ஆட்சியையும் சமஸ்தானம் என்றால், பேரரசரையும் அவருடைய பாளையக்காரரையும் ஒரே பாயில் உட்கார வைத்தது போலாகும்.

நிஜாம் அரசாங்கமே ஸ்டேட் என்ற சொல்லை அவ்வளவாக விரும்பியதில்லை. உருதுவில் தன்னை 'மமாலிக்-இ-மஹ்ரூஸா சர்க்கார்-இ-ஆலி' என்று அழைத்துக்கொண்டது. மேன்மைமிகு அரசின் காவலுக்குட்பட்ட நாடுகள் என்பது ஏறக்குறைய அதன் பொருள். ஆங்கிலத்தில் 'டொமினியன்ஸ்' என்று எழுதுவதே மரபு. பின்னர் 1947-இல் இந்தியாவே 'டொமினியன்' ஆயிற்று என்பது சரித்திரத்தின் ஒரு குறும்பு.

தனக்கென நாணயம், தபால், இரயில், பேருந்து, வானொலி ஆகியவற்றையெல்லாம் வைத்திருந்த அரசு அது. அதன் ஏழு ரூபாய்க்கு பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஆறு என்பது மாற்று விகிதம். இத்தகைய அரசை ஆளும் ஒருவர், தாம் பிரிட்டிஷாருக்கு நிகரானவர் என்று எண்ணியதில் வியப்பில்லை. மீர் உஸ்மான் அலிகான் 1925-ஆம் ஆண்டு, பேரார் பகுதியைத் திரும்பப் பெறும் பொருட்டு வைசிராய் ரீடிங் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், அயலுறவு நீங்கலாக மற்ற உள்நாட்டுக் காரியங்களில் தாம் பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தைப் போலவே சுதந்திரமானவர் என்று வாதாடினார். 1926 மார்ச் 27-ஆம் நாளிட்டு ரீடிங் விடுத்த மறுமொழி கடுமையானது. இந்தியாவில் பிரிட்டிஷ் முடியின் மேலாண்மையே தலையாயது என்றும், எந்த மன்னரும் அதனோடு சரிசமமாக நின்று பேச உரிமை கொண்டாட இயலாதென்றும் அதில் கண்டிருந்தது. அதாவது, ஹைதராபாத் ஸ்டேட் என்றால் 'ஸ்டேட்' அன்று! பெயரைக் கொடுத்துவிட்டுப் பொருளைப் பறித்துக்கொள்ளும் வித்தையில் ஆங்கிலேயர் வல்லவர்.

இந்த வழக்கு 22 ஆண்டுகள் கழித்து உலக மன்றத்துக்கு ஏறியது. 1947 நவம்பர் 29-ஆம் நாள் ஹைதராபாத்தும் இந்தியாவும் ஓராண்டுக்கு நிலைமாற்றா உடன்படிக்கை செய்துகொண்டன. இணைப்புப் பத்திரத்தில் நிஜாம் கையெழுத்திடவில்லை. ரஜாக்கர்களின் அடாத செயல்களும், கிராமங்களில் உழவர் எழுச்சியும், எல்லையில் மோதல்களும் மிகுந்த நிலையில், 1948 ஆகஸ்ட் 21-ஆம் நாள் ஹைதராபாத் அரசாங்கம் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபைக்கு முறையீடு அனுப்பியது. அவ்வாறு அனுப்பத் துணையாகக் கொண்டது சபைச் சாசனத்தின் 35-ஆம் விதி, இரண்டாம் பிரிவு. உறுப்பினர் அல்லாத ஒரு 'ஸ்டேட்' தான் சம்பந்தப்பட்ட தகராற்றைச் சபையின் முன் கொண்டுவரலாம் என்பது அப்பிரிவு. ஆக, தகராறு என்ன என்பதற்கு முன்னே, கொண்டுவந்தவர் யார் என்பதே கேள்வி ஆயிற்று.

செப்டம்பர் 13-ஆம் நாள் விடியலில் இந்தியப் படைகள் ஹைதராபாத் எல்லையைக் கடந்தன. 16-ஆம் நாள் பாரிஸ் நகரில் பாதுகாப்புச் சபை கூடியது. ஹைதராபாத் தரப்பில் மொயின் நவாஸ் ஜங் வந்திருந்தார். இந்தியாவின் தரப்பில் எழுந்து பேசியவர் ஒரு தமிழர்: ஆற்காடு இராமசாமி முதலியார். அவர் முதன்மையாக எடுத்துரைத்த வாதம், சாசனம் கருதும் பொருளில் ஹைதராபாத் ஒரு ஸ்டேட் அன்று என்பதே. நிலம் உண்டு, மக்கள் உண்டு, அரசாங்கமும் உண்டு. ஆனால் பிற நாடுகளோடு தானே உறவு வைத்துக்கொள்ளும் திறன் ஹைதராபாத்துக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பது இந்தியாவின் கட்சி. 1933-ஆம் ஆண்டு மாண்டிவிடியோ நகரத்து உடன்படிக்கையும், ஸ்டேட் என்பதற்குரிய நான்கு இலக்கணங்களில் இதனை நான்காவதாக வைத்திருந்தது. 1800-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்திலேயே நிஜாம் அத்திறனைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிட்டார். மேலாண்மை செலுத்திய பிரிட்டன் விலகியதும் அத்திறன் தானே திரும்பிவந்துவிட்டது என்பது ஹைதராபாத்தின் எதிர்வாதம்.

சபை அன்று அம்முறையீட்டை நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அது ஸ்டேட்தானா என்ற கேள்விக்கு விடை கூறவில்லை. மறுநாள், 17-ஆம் நாள் மாலை, நிஜாம் போர்நிறுத்தம் அறிவித்தார். 22-ஆம் நாள் முறையீட்டையும் திரும்பப் பெறுவதாகத் தந்தி கொடுத்தார். பாரிஸில் வல்லுநர்கள் வாதிட்ட சொல்லுக்கு இங்கே படைகள் பொருள் கண்டுவிட்டன. அந்நாட்களிலும் அதற்கு முன்னும் பின்னும் இந்நிலத்தின் சிற்றூர்களில் இரு சமயத்தாரும் உயிரும் உடைமையும் இழந்தனர். நிஜாமின் கோரிக்கை நியாயமானதென்று நாம் கருதவில்லை. மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு ஆட்சியில் பங்களிக்காத அரசு, உலக அரங்கில் அவர்கள் பெயரால் பேசியது பொருத்தமன்று. எனினும் ஒரு சொல்லை இருபொருள்பட விட்டுவைத்துப் போனவர்கள் ஆங்கிலேயர், அதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்களல்லர் என்பதையும் சொல்லாதிருக்க முடியவில்லை.

1950 ஜனவரி 26-ஆம் நாள் அச்சொல் மீண்டும் நிறம் மாறியது. அதுவரை 'பிராவின்ஸ்' எனப்பட்ட சென்னை, பம்பாய் முதலிய மாகாணங்களும், சமஸ்தானங்களாக இருந்த ஹைதராபாத், மைசூர் முதலியவையும் ஒரே பெயரில் ஸ்டேட் ஆயின. முன்னவை அ பிரிவு, பின்னவை ஆ பிரிவு. வேறு சில இ பிரிவு. ஹைதராபாத்துக்கு நிஜாமே இராஜப்பிரமுகர் ஆனார். 1947-இல் சர்தார் பட்டேல் தலைமையில் தில்லியில் அமைந்த 'ஸ்டேட்ஸ்' இலாகா சமஸ்தானங்களை மட்டுமே கவனித்தது. அரசியலமைப்பிலோ அதே சொல் எல்லாவற்றையும் தழுவியது. இதை அறியாமல் அக்காலக் கோப்புகளைப் படிப்போர் தடுமாறுவது நிச்சயம். அ, ஆ, இ என்ற வேற்றுமை 1956-இல்தான் ஒழிந்தது.

ஆங்கிலத்துக்கு மாற்றம் இல்லை, தமிழ்தான் திண்டாடியது. சென்னை மாகாணம் என்றிருந்ததைச் சென்னை இராஜ்யம் என்று எழுதத் தொடங்கினோம்; பின்னர் மாநிலம் என்பது நிலைத்தது. மாநிலம் புதுச் சொல்லன்று. நற்றிணையின் கடவுள் வாழ்த்தில் அது திருமாலின் திருவடியாகிய பேருலகைக் குறிக்கிறது. உலகம் முழுவதற்கும் உரிய சொல்லை நாட்டின் ஒரு பகுதிக்குச் சுருக்கிக்கொண்டோம்! தெலுங்கில் மாநிலத்தை 'ராஷ்ட்ரம்' என்பார்கள். இந்தியில் ராஷ்ட்ர என்றால் தேசம், மாநிலம் 'ராஜ்ய'. ஹைதராபாத்தின் தெருக்களில் இரண்டும் அடுத்தடுத்த பலகைகளில் நிற்கக் காணலாம். உருது பேசுவோர்க்கு அது 'ரியாசத்'. நிஜாம் காலத்திலும் அதுவே, இன்றும் அதுவே. அந்த ஒரு மொழியில்தான் ஆங்கிலத்தைப் போலவே சொல் மாறாமல் பொருள் மாறியது. நாடு என்பதோ நமக்குத் தேசமும் ஆகும், தேசத்தின் பகுதியும் ஆகும். அந்தச் சொல் தம் மண்ணுக்குப் பெயராக வேண்டும் என்று விருதுநகரில் 75 நாளுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்து சங்கரலிங்கனார் உயிர்நீத்தது 1956 அக்டோபர் 13-ஆம் நாள். சென்னை ஸ்டேட் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில்.

1956 நவம்பர் முதல் நாளில் ஹைதராபாத் ஸ்டேட் என்பதே இல்லாமற் போயிற்று. மராத்தி வழங்கிய மாவட்டங்கள் பம்பாயோடும், கன்னடம் வழங்கியவை மைசூரோடும், தெலங்கானா ஆந்திரத்தோடும் சேர்ந்தன. முந்திய ஆண்டு பஸல் அலி குழுவினர் தெலங்கானா தனியே ஹைதராபாத் ஸ்டேட் என்ற பெயருடன் சில ஆண்டுகள் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தனர், அது ஏற்கப்படவில்லை. அந்த வாரங்களில் நடந்த ஒரு பெயர் மாற்றம் நமக்கு எப்போதும் சுவை தருவது. நிஜாம் அரசு 1941-இல் சட்டம் இயற்றித் தோற்றுவித்த வங்கி 'ஹைதராபாத் ஸ்டேட் பேங்க்'. 1956-இல் ரிசர்வ் வங்கி அதனை ஏற்றபோது 'ஸ்டேட் பேங்க் ஆஃப் ஹைதராபாத்' என்று பெயரிட்டது. சொற்கள் அவையே, வரிசைதான் மாறியது. முன்னதில் ஸ்டேட் என்பது நிஜாமின் அரசு. பின்னதில் இந்திய அரசு. முன்னதில் ஹைதராபாத் ஓர் ஆட்சியின் பெயர். பின்னதில் அது ஒரு நகரம் மட்டுமே. 1959-இல் இவ்வங்கி பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, 2017 ஏப்ரல் முதல் நாளில் அதனோடு முற்றிலும் கலந்தது.

இனி நம்மவர்க்கு மிக அண்மையான செய்திக்கு வருவோம். பிழைப்பு நாடி இங்கு வந்தவர்களுக்கு இந்நகரம் இட்ட பழைய பெயர் 'கைர் முல்கி', அதாவது இந்நாட்டவர் அல்லாதவர். நிஜாம் அரசின் உத்தியோகங்களை உள்நாட்டவர்க்கே ஒதுக்கிய முல்கி விதிகள் 1919-ஆம் ஆண்டுக்குரியவை. 1948-க்குப் பின் சென்னை மாகாணத்திலிருந்து பல உத்தியோகஸ்தர்கள் வந்தனர். அவர்களுள் ஆந்திரர் மிகுதி, தமிழரும் இருந்தனர். 1952 செப்டம்பரில் மாணவர்கள் தெருவில் இறங்கினர்; சிட்டி கல்லூரிப் பக்கத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் போயின. ஆந்திரப் பிரதேசம் உண்டான பிறகு, 1957-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தையும் 1959-ஆம் ஆண்டு விதிகளையும் கொண்டு, தெலங்கானாப் பகுதியில் 15 ஆண்டு வசித்தவர்க்கே அங்குள்ள குறிப்பிட்ட பதவிகள் என்று ஏற்பாடாயிற்று.

1969 மார்ச் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாதாக்கியது. காரணம் என்ன என்கிறீர்கள்? அரசியலமைப்பின் 16-ஆம் விதி. அதன் தொடக்கத்தில் 'ஸ்டேட்' கீழ் வேலைவாய்ப்பு எல்லாக் குடிமக்களுக்கும் சமம் என்றிருக்கிறது. அங்கே அச்சொல் மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி அனைத்தையும் குறிக்கும். தமிழில் 'அரசு' என்றாக வேண்டும். மூன்றாம் பிரிவிலோ, ஒரு 'ஸ்டேட்'டுக்குள் வசித்திருக்க வேண்டுமென நிபந்தனை விதிக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தரப்படுகிறது. அங்கே அது 'மாநிலம்'. ஒரே விதியில் ஒரு சொல், இரு பொருள். மாநிலத்துக்குள் வசிப்பு என்றால் முழு மாநிலமே. அதன் ஒரு பகுதியில் மட்டும் வசித்திருக்க வேண்டுமென்று சட்டம் செய்ய இடமில்லை என்பது தீர்ப்பு. தெலங்கானா ஒரு ஸ்டேட் அன்று, ஸ்டேட்டின் ஒரு துண்டு. 1948-இல் பாரிஸில் ஹைதராபாத்துக்குச் சொல்லப்பட்ட அதே பதில், வேறு பொருளில் மீண்டும் வந்தது!

அவ்வாண்டு ஜனவரியிலேயே தனித் தெலங்கானாக் கிளர்ச்சி மூண்டிருந்தது. தீர்ப்பு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆயிற்று. கல்லூரிகள் மூடிக் கிடந்தன. இளைஞர் பலர் சுடப்பட்டு மாண்டனர். 1972 அக்டோபரில் அதே நீதிமன்றம், பழைய முல்கி விதிகள் முன்பே இருந்த சட்டமாதலால் செல்லும் என்றது. உடனே ஆந்திரப் பகுதியில் எதிர்க்கிளர்ச்சி வெடித்தது. முடிவில் முல்கி விதிகள் நீக்கப்பட்டு, 1974-இல் அரசியலமைப்பில் 371-டி என்னும் விதி சேர்க்கப்பட்டது. அதன்பின் வந்த வழக்குகளும் ஆணைகளும் நூறு பக்கம் எழுதினாலும் அடங்கா. உத்தியோகம் கேட்ட பிள்ளைகளின் விண்ணப்பங்களில் அந்த ஒரு கட்டம் எத்தனை குடும்பங்களின் வாழ்வைத் திருப்பியது என்பதை இந்நகரத்துப் பழந்தமிழ்க் குடியினர் அறிவர்.

2014 ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா நாட்டின் 29-ஆவது ஸ்டேட் ஆயிற்று. பத்தாண்டுகளுக்கு ஹைதராபாத் இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராக இருக்கலாம் என்ற ஏற்பாடும் 2024 ஜூன் 2-ஆம் நாளோடு முடிந்தது. காச்சிகுடாவில் பிறந்த முதியவர் இப்போது கட்டத்தை எப்படி நிரப்புகிறார் என்று கேட்பீர்கள். நாம் அறிந்த ஒரு பெரியவர் தம் பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்தில் 'தெலங்கானா' என்று தெளிவாக எழுதிவிட்டு, தமது ஓய்வூதியத் தாளை எடுத்தார். அதில் பிறந்த இடம் என்னும் வரியில், நடுங்கும் கையால், 'ஹைதராபாத் ஸ்டேட்' என்று எழுதினார். சரிபார்த்த இளம் எழுத்தர், பிந்திய சொல்லை அடித்துவிட்டு நகரத்தின் பெயரை மட்டும் நிறுத்திக்கொண்டார்.